படகின் மானம்

புனேயில் ஒரு தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு மலருக்கு என்னிடம் கட்டுரை கேட்டார்கள். கேட்டவர் ஹிஞ்ஜேவாடியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் கோயம்புத்தூர்ப் பிள்ளை. "ஏனுங்க அங்கிள், நீங்க ரொம்ப வருசமா போட் இன்ஜின்ல வேலை பாத்தீங்களாமா. அதைய எழுதிக் குடுங்க. படிக்கறவங்களுக்கு ஒரு மோட்டிவேஷனா இருக்கோணும்" என்றார். அதோடு விட்டாரா? "இப்பத்தான் எல்லாத்துக்கும் சென்சார், ஸ்கிரீன்னு வந்துருச்சு. அப்பவெல்லாம் இன்ஜின் சூடாகுதுன்னு எப்படிங்க கண்டுபிடிப்பீங்க?" என்று கேட்டுவிட்டார். அந்தக் கேள்விதான் வினை.

நானும் இரண்டு நாள் யோசித்துப் பார்த்தேன். என் உத்தியோகத்தில் பிறருக்கு எழுச்சி ஊட்டும்படி எதுவும் நடந்ததாக ஞாபகம் இல்லை. ஒரு படகு ஒன்றுக்குப் போனதும், அது அசிங்கம் என்று சில பெரிய மனிதர்கள் நினைத்ததும், அதனால் ஒரு அப்பாவியின் பிழைப்பு அந்தரத்தில் தொங்கியதும்தான் ஞாபகத்துக்கு வருகிறது. அதையே எழுதுகிறேன். மலரில் போடுவதும் போடாததும் அந்தப் பிள்ளையின் பாடு.

நான் புனேயின் கடக்கியில் பிறந்தவன். பூர்வீகம் வேலூர்ப் பக்கம். அப்பா வெடிமருந்துத் தொழிற்சாலைக்கு வேலைக்கு வந்தவர், அப்படியே தங்கிவிட்டார். வீட்டில் வேலூர்த் தமிழ், தெருவில் மராத்தி, ரேஷன் கடையில் இந்தி, கோபம் வந்தால் மூன்றும். ஐ.டி.ஐ.யில் டீசல் மெக்கானிக் படித்தேன். சாகண் பக்கம் ஒரு பட்டறையில் லாரி இன்ஜின்களைக் கழற்றி மாட்டிக் கொஞ்ச காலம் எண்ணெயில் குளித்தேன். பிறகு கடக்வாஸ்லா அணைப் பக்கம் ஒரு மீட்புப் படகுப் பிரிவில் மெக்கானிக்காகச் சேர்ந்து, அங்கேயே தலை நரைத்து ஓய்வு பெற்றேன். எந்தத் துறை என்று சொல்ல மாட்டேன். பென்ஷன் அங்கிருந்துதான் வருகிறது.

எங்களிடம் இருந்தவை ஜெட் படகுகள், மொத்தம் இரண்டு. ஜெட் என்றதும் லோஹேகாவ் விமானதளத்துப் பக்கம் தலைக்கு மேல் கிழித்துக்கொண்டு போகுமே, அதை நினைத்துக்கொள்ள வேண்டாம். இந்தப் படகுக்கு வெளியே சுழலும் விசிறி கிடையாது. அடிவயிற்றில் கம்பி போட்ட ஒரு வாய் இருக்கும். அதன் வழியாக ஏரித் தண்ணீரை உறிஞ்சிப் பின்பக்கம் பீய்ச்சி அடிக்கும். அந்த உதைப்பில் படகு ஓடும். தண்ணீரில் விழுந்தவர் பக்கத்தில் போனாலும் கை காலை வெட்டாது. மீட்பு வேலைக்கு அதனால்தான் அதை வாங்கினார்கள்.

உறிஞ்சும் தண்ணீரில் ஒரு பங்கைக் குழாய் வழியாக இன்ஜின் பக்கம் திருப்பி விட்டிருப்பார்கள். அது ஒரு வடிகட்டியில் நுழைந்து, இன்ஜினின் சூட்டை வாங்கிக்கொண்டு, புகையோடு சேர்ந்து வெளியே போய்விடும். லாரிக்கு ரேடியேட்டர் என்றால் இதற்கு ஏரியே ரேடியேட்டர். வசதிதான். ஆனால் ஏரியில் என்ன மிதக்கிறதோ அதெல்லாம் இன்ஜினுக்கு விருந்தாளி. மணல், பாசி, சிப்ஸ் பாக்கெட், யார் தலையிலிருந்தோ உதிர்ந்த முடி, எல்லாம் அந்த வடிகட்டியில் வந்து உட்காரும். அது அடைத்துக்கொண்டால் இன்ஜினுக்குத் தண்ணீர் இல்லை. தண்ணீர் இல்லாவிட்டால் முதலில் புகைபோக்கியின் ரப்பர் குழாய் கருகும், பிறகு இன்ஜினே வெந்து இறுகிவிடும்.

சரி, தண்ணீர் போகிறதா என்று எப்படித் தெரியும்? அதற்குத்தான் படகின் இடது விலாவில் ஒரு சின்னத் துளை. இன்ஜினைச் சுற்றி வந்த தண்ணீரில் கொஞ்சம் அந்தத் துளை வழியாக விரல் பருமனுக்கு வளைந்து வெளியே விழும். அது விழுகிற வரைக்கும் கவலை இல்லை. மெலிந்தால் சந்தேகம். நின்றால் உடனே இன்ஜினை அணைக்க வேண்டும். பார்க்க எப்படி இருக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. நாங்கள் "படகு ஒன்றுக்குப் போகுது" என்போம். மராத்தியில் இதைவிடப் பச்சையாகச் சொல்வார்கள்; அது மலரில் அச்சேறாது.

இப்போது எங்கள் அதிகாரி குல்கர்ணி ஸாஹேபைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவருக்கு இன்ஜின் தெரியாது என்று யாராவது சொன்னால் நானே சண்டைக்குப் போவேன். எங்களையெல்லாம் பழக்கியவர் அவர்தான். படகைக் கரையேற்றியதும் உள்ளே நல்ல தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். அதற்கு அவர் போட்ட சட்டம்: முதலில் இன்ஜின், பிறகு குழாய்; முடிக்கும்போது முதலில் குழாய், பிறகு இன்ஜின். மாற்றிச் செய்தால் தொலைந்தோம். இன்ஜின் ஓடாதபோது தண்ணீரைத் திறந்தால் அதை வெளியே தள்ளப் புகையின் வேகம் இருக்காது. தண்ணீர் மெல்ல பின்வழியாக ஏறி இன்ஜினுக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொள்ளும். புதிதாக வந்தவன் கை குழாய்ப் பக்கம் போனாலே குல்கர்ணி தொண்டையைச் செருமுவார். அந்தச் செருமலுக்கு நாங்கள் பயந்த மாதிரி வசவுக்குக்கூட பயந்ததில்லை.

இன்னொரு பழக்கமும் அவரிடம் உண்டு. இன்ஜின் உறுமியதும் கம்பியைப் பிடித்துக்கொண்டு இடது பக்கம் சாய்ந்து, கழுத்தை நீட்டி, அந்தத் துளையைப் பார்ப்பார். தண்ணீர் வளைந்து விழுவதைப் பார்த்த பிறகுதான் வாயைத் திறந்து பேசுவார். "முதல்ல தண்ணியப் பாரு. பொண்டாட்டி முகத்த அப்புறம் பாத்துக்கலாம்" என்பது அவர் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த வேதம். அவர் மராத்தியில்தான் பேசுவார், நான் தமிழாக்கித் தருகிறேன். அந்தக் கழுத்து எந்த அளவுக்குப் பழகியிருந்தது என்றால், ஆபீஸ் ஜீப்பை ஸ்டார்ட் செய்தாலும் இடது பக்கம் எட்டிப் பார்ப்பார். ஜீப் எங்கே ஒன்றுக்குப் போகும்? நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம்.

இப்படிப்பட்ட மனிதருக்கு ஒரே ஒரு நோய். மேலிடத்திலிருந்து யாராவது வருகிறார் என்றால் முதுகெலும்பு அப்படியே நூல்கண்டாகிவிடும். அதோடு, எதையும் நேராகச் செய் என்று உத்தரவு போட மாட்டார். பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்தி, "பாரு பரசு, நான் ஒண்ணும் சொல்லல" என்று ஆரம்பிப்பார். பரசுராமன் என்ற என் பெயரை அங்கே எல்லோரும் அப்படித்தான் வெட்டிவைத்திருந்தார்கள். அவர் ஒன்றும் சொல்லாத விஷயம் மறுநாள் நடந்து முடிந்திருக்கும். பின்னால் தப்பாகிப் போனால் அவர் ஒன்றும் சொல்லவில்லையே!

என் மனைவி கஸ்தூரி அப்போது அவரை ஒரே தடவைதான் பார்த்திருந்தாள். ஆனால் எடை போட்டுவிட்டாள். ஒரு நாள் படகின் தெர்மோஸ்டாட்டை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தேன். அது ஒரு வால்வு. இன்ஜின் சூடானதும் திறந்து தண்ணீருக்கு வழிவிடும். சரியாகத் திறக்கிறதா என்று பார்க்க, தண்ணீரில் தொங்கவிட்டுக் காய்ச்ச வேண்டும். எங்கள் ஒர்க்‌ஷாப் ஹீட்டர் டீ போட்டே செத்துப்போயிருந்தது.

"இன்னாயா இது, டீ போடற குண்டான்ல எதையோ வேவ வச்சிக்கினு கீற?" என்றாள்.

"தெர்மோஸ்டாட்."

"வெந்துச்சா?"

"இரு, இப்பதான் வாயத் தொறக்குது."

"சூடு பட்டா இரும்புகூட வாயத் தொறக்குது. உங்க ஸாஹேபையும் ஒரு நாளு இதுல போட்டுப் பாரேன்" என்றாள்.

குண்டானைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதுசு வாங்கினாள். அது வேறு கதை.

இனி ஒரு வெள்ளைப் பேண்ட்டின் கதைக்கு வருகிறேன். ஒரு நாள் மேலிடத்திலிருந்து ஒரு பிரமுகர் படகுகளைப் பார்வையிட வந்தார். தலை முதல் கால் வரை வெள்ளை. படகுத்துறையில் சிவப்புக் கம்பளம், மேளம், போட்டோக்காரர்கள். படகை எப்படி நிறுத்துவது என்று யாரும் யோசிக்கவில்லை. இடது விலா துறையைப் பார்த்து நின்றது. பிரமுகர் விளிம்பில் வந்து நின்று கை அசைத்தார். குல்கர்ணி தலையாட்ட, டிரைவர் இன்ஜினைக் கிளப்பினான். படகு தன் கடமையைச் செய்தது. தண்ணீர் அழகாக வளைந்து வந்து, பிரமுகரின் வெள்ளைப் பேண்ட்டில், எந்த இடத்தில் படக்கூடாதோ மிகச் சரியாக அந்த இடத்தில் விழுந்தது. அதுவும், ஏற்கெனவே ஒரு சுற்று ஓடி நின்ற இன்ஜின் ஆதலால், வெதுவெதுப்பாக.

மனிதர் துள்ளிக் குதித்தார். அதற்குள் போட்டோ எடுத்துவிட்டார்கள். போட்டோவில் படகு தெரியவில்லை, பிரமுகரும் பேண்ட்டும்தான் தெரிந்தார்கள். பார்க்கிறவர்களுக்கு ஏரித் தண்ணீர் என்று எப்படித் தெரியும்? கூடவந்தவர்கள் சிரிப்பை அடக்க இருமினார்கள். குல்கர்ணி தன் கைக்குட்டையை எடுத்துக்கொண்டு குனிந்தார். எங்கே துடைப்பது என்று தெரியாமல் அப்படியே நிமிர்ந்தார்.

அன்று சாயங்காலம் என்னிடம் வந்தார். முகம் செத்திருந்தது.

"பாரு பரசு, நான் ஒண்ணும் சொல்லல. ஆனா போட்டுக்கும் ஒரு மானம் மரியாதை வேண்டாமா? பெரிய மனுஷங்க வர்ற இடத்துல இப்படிப் பச்சையாவா..."

"ஸாஹேப், அதுதானே நமக்குக் கண்ணு? நீங்கதானே சொல்லிக்குடுத்தீங்க?"

"அதான் நான் ஒண்ணும் சொல்லலையே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மச்சினன் மகள் கல்யாணத்துக்காக நான் வேலூர் போய்விட்டுத் திரும்பி வந்தேன். வந்து பார்த்தால் இரண்டு படகிலும் அந்தத் துளையைக் காணோம். உள்ளேயே ஒரு வளைகுழாய் போட்டு, தண்ணீரை வேறு பக்கமாகக் கீழே இறக்கி, ஏரி மட்டத்துக்கு அடியில் விட்டிருந்தார்கள். பழைய துளையை அடைத்து, பெயின்ட் அடித்து, அதன்மேல் இலாகாவின் சின்னத்தை ஸ்டிக்கராக ஒட்டியிருந்தார்கள். இனி தண்ணீர் வந்தாலும் தெரியாது, நின்றாலும் தெரியாது. படகு அடக்க ஒடுக்கமாக நின்றது.

யார் செய்தது என்று கத்தினேன். குடியிருப்புகளில் குளியலறை வேலை பார்க்கும் பிளம்பர் ஒருவனைக் கூப்பிட்டுச் செய்திருக்கிறார்கள். அவனைப் பிடித்து உலுக்கினேன். அவன் நிதானமாக, "பாவூ, என் தொழில்ல தண்ணி வெளிய தெரிஞ்சாதான் கெட்ட வேலை. பாரு, ஒரு சொட்டு தெரியுதா?" என்று பெருமையாகக் கேட்டான். அவனை என்ன சொல்வது? நானே உட்கார்ந்து அத்தனையையும் பிடுங்கிப் பழையபடி ஆக்கினேன். மறுநாள் வந்து பார்த்தால் மறுபடியும் வளைகுழாய், மறுபடியும் ஸ்டிக்கர். குல்கர்ணியிடம் போய் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டேன். "பிள்ளையார் கரைக்கற விசர்ஜன் சமயம், பெரிய பெரிய ஆளுங்க வருவாங்க. முடியட்டும், பாத்துக்கலாம். நான் ஒண்ணும் சொல்லல" என்றார். கூடவே நான் மறுபடி பிடுங்காதபடி வளைகுழாயை ஒரு பெட்டிக்குள் அடைத்துப் பூட்டிச் சாவியை ஆபீஸில் வைத்துக்கொண்டார்கள்.

படகு ஓட்டியவன் ஏழுமலை. என்னைப் போலவே கடக்கித் தமிழன், போளூர்ப் பக்கத்து வம்சம். தண்ணீரில் இறங்கினால் மீன், கரையேறினால் வெறும் வாய். பல வருஷமாகத் தற்காலிக ஊழியன். அந்தத் தீபாவளிக்குள் நிரந்தர உத்தரவு வருவதாக இருந்தது. அதை நம்பித்தான் மகளுக்கு நர்சிங் காலேஜில் இடம் பிடித்திருந்தான். பார்க்கிற ஆளிடமெல்லாம் அதைச் சொல்லிக்கொண்டிருந்தான்.

விநாயகர் விசர்ஜன் வந்தது. ஏரியில் கரைக்கக் கூடாது என்று பெரிதாகப் போர்டு வைத்திருந்தார்கள். போர்டுக்குப் பக்கத்திலேயே கரைத்தார்கள். ஆரத்தித் தட்டை வைக்க அந்தப் போர்டின் சிமெண்ட் பீடம் வசதியாக இருந்தது. சாமந்தி மாலைகள், அருகம்புல், துணி, எல்லாம் தண்ணீரில் பாய் விரித்த மாதிரி மிதந்தன. கரை முழுக்க டோல் தாஷா மேளம். அந்த முழக்கத்தில் பக்கத்தில் நிற்பவன் பேசுவதை அவன் உதட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

நான் கரையில் அவசர மெக்கானிக்காக நின்றேன். பிளாஸ்டிக் பீப்பாய்களைக் கட்டி மிதவை செய்து, அதில் பெரிய பிள்ளையாரை ஏற்றிக்கொண்டு ஒரு கூட்டம் நடு ஏரிக்குப் போனது. பிள்ளையார் ஒரு பக்கம் சாய்ந்தார். மிதவை கவிழ்ந்தது. பையன்கள் தண்ணீரில் விழுந்தார்கள். ஏழுமலை அந்தப் பூக்காட்டின் நடுவே படகை விரட்டிக்கொண்டு போனான்.

படகின் வாய் பூவையும் மாலையையும் சேர்த்து உறிஞ்சியது. வடிகட்டி அடைத்தது. எச்சரிக்கை பஸ்ஸர் கட்டாயம் அடித்திருக்கும். அந்த டோல் சத்தத்தில் அது யாருக்குக் கேட்கும்? சூட்டைக் காட்டும் மீட்டர் ஸ்டியரிங்குக்குக் கீழே, முழங்கால் பக்கம். எதிரே தலைகள் மிதக்கும்போது எந்த டிரைவர் குனிந்து முழங்காலைப் பார்ப்பான்? விலாவில் விழும் தண்ணீராக இருந்தால் ஓரக்கண்ணில் பட்டிருக்கும். அங்கேதான் சின்னம் ஒட்டியிருந்ததே!

ஏழுமலை சில பையன்களை மேலே இழுத்துப் போட்டான். அடுத்த பையனுக்குக் கை நீட்டும்போது பின்னாலிருந்து கறுப்புப் புகை கிளம்பியது. இன்ஜின் ஒரு தடவை கேவிவிட்டு நின்றது. படகு பிணமாக மிதந்தது. இன்னும் சில பையன்கள் பீப்பாயைப் பிடித்துக்கொண்டு கத்துகிறார்கள், அதுவும் கேட்கவில்லை, வாய் திறந்து மூடுவது மட்டும் தெரிகிறது. எங்கள் இரண்டாவது படகு மறுகரைக் காவலில் இருந்தது. எங்கிருந்தோ ஒரு மீனவர் தன் மரப்படகைத் துடுப்புப் போட்டுக்கொண்டு வந்தார். தண்ணீரில் கிடந்தவர்களை ஒவ்வொருவராக ஏற்றிக்கொண்டார். பிறகு எங்கள் படகின் மூக்கில் கயிற்றைக் கட்டி, வெற்றிலை மென்றபடியே கரைக்கு இழுத்து வந்தார். ஒரு உயிரும் போகவில்லை, புண்ணியம். போனது இலாகாவின் மானம். மீட்புப் படகை மரப்படகு மீட்டு வரும் வீடியோ அன்று ராத்திரிக்குள் புனே முழுக்க எல்லார் கையிலும் ஓடியது.

வடிகட்டியைத் திறந்தேன். சாமந்தி இதழ்கள் களிமண் மாதிரி இறுகிக் கிடந்தன. ஏழுமலை பக்கத்தில் ஈரத்தோடு உட்கார்ந்திருந்தான்.

"ண்ணா, தண்ணி வருதான்னு ரெண்டு மூணு வாட்டி திரும்பிப் பாத்தேண்ணா. அந்த ஸ்டிக்கர்தான் தெரியுது. நான் இன்னா பண்ணுவேன்?" என்று அழுதுவிட்டான். எனக்கும் அழுகை வந்தது. ஆத்திரத்தில் அந்தச் சின்னத்தைச் சுரண்டப் போனேன். அவன்தான் கையைப் பிடித்துக்கொண்டான். "வேணாண்ணா. அது இருந்தாதான் நான் சொல்றத நம்புவாங்க."

மூன்றாம் நாள் அவனுக்கு நோட்டீஸ் வந்தது. கவனக்குறைவால் இன்ஜினை எரித்துவிட்டானாம். நிரந்தர உத்தரவு நிறுத்தி வைக்கப்பட்டது. குற்றம் உறுதியானால் வேலையே போய்விடும். மகளின் காலேஜ் பற்றி அவன் பேசுவதை நிறுத்திக்கொண்டான்.

விசாரணைக்கு வந்தவர் ஒரு பெண் அதிகாரி. பருத்திப் புடவை, முழங்காலில் வலி, உட்காரும்போதும் எழும்போதும் "ஆயி கா" என்பார், நம் "அம்மாடி" மாதிரி. மற்றபடி கத்தி. துளையை மூடச் சொன்னது யார் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டார். பிளம்பர், ஆபீஸில் சொன்னார்கள் என்றான். ஆபீஸில் யார்? யாரும் சொல்லவில்லை, செய்தால் நன்றாக இருக்கும் என்று பேசிக்கொண்டார்கள் என்றான். கிளார்க்கும் அதையே சொன்னார். இலாகா முழுவதும் தேடினாலும் சொன்ன ஆள் கிடைக்கவில்லை. நான் நடந்ததை நடந்தபடி கொட்டினேன். "குல்கர்ணி சொன்னாரா?" என்று மேடம் கேட்டார். "நான் ஒண்ணும் சொல்லலைன்னு சொன்னாருங்க" என்றேன். மேடம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

கடைசியில் குல்கர்ணி. சட்டையில் ஒரு மடிப்புக் கலையாமல் உட்கார்ந்திருந்தார். ஏழுமலை சுவரோரம் நின்றுகொண்டிருந்தான்.

"மேடம், அந்தத் தண்ணி வெறும் அடையாளம். பழைய காலத்து ஏற்பாடு. இப்ப அதை யாரும் பாக்கறதில்ல. மீட்டர் எதுக்கு இருக்கு? டிரைவர் மீட்டரைப் பாத்திருக்கணும்."

"யாருமே பாக்கறதில்லையா?"

"யாருமே பாக்கறதில்ல, மேடம்."

எழுந்து கத்தியிருப்பேன். அதற்குள் மேடம், "ஆயி கா" என்று எழுந்துவிட்டார். "வாங்க, இன்னொரு படகு இருக்கில்ல? அதுல போய்ப் பாக்கலாம். இவன் எப்படி ஓட்டறான்னு நானும் தெரிஞ்சுக்கறேன்."

இரண்டாவது படகிலும் அதே வளைகுழாய், அதே ஸ்டிக்கர். ஏழுமலை ஸ்டியரிங்கில் நின்றான். மேடம் நடுவில் உட்கார்ந்தார். குல்கர்ணி இடது பக்கம் தன் வழக்கமான இடத்தில். நான் பின்னால், இன்ஜின் மூடிமேல். மேடம் தலையசைத்தார். இன்ஜின் உறுமியது.

குல்கர்ணி கம்பியைப் பிடித்துக்கொண்டு, இடது பக்கம் சாய்ந்து, கழுத்தை நீட்டிப் பார்த்தார்.

பார்த்துக்கொண்டே இருந்தார். தண்ணீர் விழுவதற்காகக் காத்திருந்தார். அங்கே இலாகாவின் சின்னம் பளபளத்தது. மெல்ல அவர் காது மடல் சிவப்பதை நான் பின்னாலிருந்து பார்த்தேன். ஆனால் தலையை உள்ளே இழுத்துக்கொள்ள வழி தெரியவில்லை. இழுத்தால் எங்கள் முகத்தில் முழிக்க வேண்டும்.

"எதைத் தேடறீங்க, குல்கர்ணி?" என்றார் மேடம்.

அவர் இன்னும் கொஞ்சம் வெளியே சாய்ந்தார்.

"யாருமே பாக்காத இடத்துல எதைத் தேடறீங்க?"

"தண்ணி" என்றார் குல்கர்ணி. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து, நான் அவரிடம் வேலை பார்த்த காலமெல்லாம் கேட்காத ஒரு வாக்கியத்தைச் சொன்னார். "நான்தான் மூடச் சொன்னேன். அவன் மேல தப்பு இல்ல."

ஏழுமலை இன்ஜினை அணைத்துவிட்டு ஸ்டியரிங்மேல் தலையைச் சாய்த்துக்கொண்டான். அவன் முதுகு குலுங்கியது. மேடம் அந்தப் பக்கம் திரும்பி அணையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தீபாவளி தாண்டி, பொங்கலும் தாண்டி, ஏழுமலைக்கு நிரந்தர உத்தரவு வந்தது. மகள் இப்போது ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். பிளம்பர் கையாலேயே வளைகுழாயைக் கழற்றி, துளையைத் திறக்க வைத்தேன். "நல்லா இருந்த வேலையைக் கெடுக்கறீங்களே" என்று வருத்தப்பட்டான். குல்கர்ணியை விட்டுவிடுவார்களா? கடுமையான தண்டனை கொடுத்தார்கள். பதவி உயர்வு கொடுத்து வேறு ஊருக்கு மாற்றினார்கள்.

என் பணி ஓய்வு விழாவுக்கு அவரையே தலைமை விருந்தினராகக் கூப்பிட்டிருந்தார்கள். முடியெல்லாம் நரைத்து, வெள்ளைச் சட்டை, வெள்ளைப் பேண்ட்டில் வந்தார். மேலிடத்துக்குப் போனால் அந்த நிறம் தானாக வந்துவிடும் போலிருக்கிறது. ஏழுமலை படகைத் துறையில் கொண்டுவந்து கட்டினான். எந்தப் பக்கம் துறையைப் பார்த்து நிற்கிறது என்று கவனித்தேன். இடது பக்கம். அவனைப் பார்த்தேன். ஏழுமலை என்னைப் பார்க்காமல் வானத்தைப் பார்த்தான்.

விருந்தினர் விளிம்புக்கு வந்தார். இன்ஜின் உறுமியது. பழைய கழுத்து தானாக நீண்டது. தண்ணீர் அழகாக வளைந்து வந்து வெள்ளைப் பேண்ட்டில் விழுந்தது, அதே இடத்தில். கஸ்தூரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். போட்டோக்காரன் கேமராவைத் தூக்கினான்.

குல்கர்ணி துள்ளவில்லை. குனிந்து அந்தத் தண்ணீருக்கு அடியில் உள்ளங்கையை நீட்டினார். கொஞ்ச நேரம் சூடு பார்த்தார். "சரியாத்தான் இருக்கு" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, ஈரக்கையை என் தோளில் வைத்தார்.

"பாரு பரசு, நான் ஒண்ணும் சொல்லல."

ஸ்டியரிங்கிலிருந்து ஏழுமலையின் குரல், துறை முழுக்கக் கேட்கும்படி மராத்தியில் வந்தது: "அப்படிச் சொல்லாதீங்க ஸாஹேப். நீங்க எதுவும் சொல்லலைன்னாதான் மறுநாளே வந்து அடைச்சிடறாங்க. இந்த ஒரு தடவை வாயத் தொறந்து, 'இருக்கட்டும்'னு சொல்லிட்டுப் போங்க!"

சொன்னார்.